வெட்டாத நாலு மீட்டர்

பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசம். அதற்கு அடியில் கம்பளியின் மணம். உன் துணி.

துபாய் கராமாவில் நாம் இருந்த இந்த அறையை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். எனக்கு வேலை போய்விட்டது. இந்த வருடம் பலருக்கும் போகிறது. விமானத்துக்கு முப்பது கிலோதான். கைத்தராசில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பார்க்கிறேன். உன் துணி இரண்டு கிலோ. நாலு மீட்டர், ஒரு வெட்டும் விழாமல்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் உன் கம்பெனி சீருடை தைத்தது. போலீஸ் பேண்டு வாத்தியக்காரர்களுக்கு கில்ட். ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், பின்பக்கம் முழுக்க மடிப்பு வைத்த கட்டம் போட்ட உடை. நாள் முழுவதும் மற்றவர்களுக்கு மடிப்பு எடுத்துவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, முதல் வேலையாகச் சொல்வாய்: "எனக்கும் ஒண்ணு தைக்கணும் மச்சான். என் அளவுக்கு."

"எங்க போட்டுக்கிட்டுப் போவ?"

"துரை பங்களா வாசலுக்கு. நின்னு ஒரு போட்டோ. அவ்வளவுதான்."

அந்த வாசலில் உன் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாராம். இலங்கை மலையில் உங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஸ்காட்லாந்தின் ஏதோ ஓர் ஊர்ப் பெயர். "ஊருக்கு அவங்க பேரு. அப்ப துணியில எனக்குப் பங்கு இல்லையா?" என்பாய்.

ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம். உங்கள் பாகிஸ்தானி கட்டிங் மாஸ்டர் மாதிரிப் புத்தகத்தை விரித்து, உன் கபீலா எது, உன் குலம் எது என்று கேட்டாராம். "மாஃபி மாஸ்டர்" என்றாயாம். இல்லை. அவர் சிரித்துவிட்டு, நீயே ஒரு கட்டம் போட்டுக்கொள் என்று ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்தாராம். அதை நீ அறைக்குக் கொண்டு வந்தாய். வெகு நாட்கள் அது வெறுமையாகவே இருந்தது.

பச்சை வைக்கலாமே என்றேன். தேயிலை என்றால் பச்சை என்று படித்து வந்தவன் நான்.

"பச்சை வேணாம். பொறந்ததுல இருந்து பச்சை."

சாம்பல் நிறம் எடுத்தாய். பிறகு கறுப்பு. பிறகு ஈரமான தகரத்தின் பழுப்பு. கடைசியில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

"அது எதுக்கு?"

"எங்க லயத்து வீட்டுல இருந்து கீழ ரோட்டுக்குப் போற பாதை. பனியில அது மட்டும்தான் தெரியும். எறங்கிப் போற பாதை மச்சான். ஏறி வர்ற பாதை இல்ல. ஒரு பக்கம் மட்டும் போதும்."

மற்றதெல்லாம் எளிதில் முடிவாயிற்று. தோல்வார் மூன்று. முன்னால் தொங்கும் தோல்பை வேண்டாம், "பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கும்." உள்பக்கம் ஒரு ரகசியப் பாக்கெட். கில்ட்டில் பாக்கெட் வைப்பதில்லை என்று நீதான் முன்பு சொல்லியிருந்தாய். நினைவூட்டினேன். "அது துரைமாருக்கு. நமக்கு லேபர் கார்டு வைக்க எடம் வேணும்ல."

ஒரு வெள்ளிக்கிழமை காலை அளவெடுத்தோம். வேட்டி கட்டும் இடத்தில் இல்லை, தொப்புளுக்கு மேலே. உயரத்துக்கு முட்டி போட வேண்டும். விளிம்பு தரைக்கு ஒரு விரல் மேலே நிற்க வேண்டும். நீ முட்டி போட்டாய். நான் டேப்போடு குனிந்தேன். ராமநாதபுரத்து அண்ணன் மேல் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா, பாவாடை ரெடியா? சடங்கு எப்போ?"

"நீங்கதான் தாய்மாமன். சீரோட வந்துருங்க" என்றாய்.

அளவை அலமாரிக் கதவின் உள்பக்கம் பேனாவால் எழுதினேன். இடுப்பு முப்பத்தொன்று. உயரம் இருபத்திநாலு.

மாஸ்டர் தனக்குத் தெரிந்த நெசவாலையில், மாதிரித் தறியில் நாலு மீட்டர் நெய்து தரப் பேசிவிட்டார். எந்த நிறத்தில் எத்தனை இழை என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். படித்தவன் நான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்தேன்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். கட்டத்தின் பாதியைத்தான் எழுதுவார்கள். தறிக்காரன் அந்தப் பாதியின் ஓரத்துக்கு வந்ததும் அதே வரிசையைத் திருப்பி நெய்வான். திருப்ப வேண்டாம் என்றால் தனியாக எழுத வேண்டும். இரண்டு முறை சொன்னாய். "மறந்துராத மச்சான். திரும்பக் கூடாதுன்னு போடு."

மறக்கவில்லை. எழுதினேன். அந்த வரி இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஒரு பக்கத்தில் முடிந்தால் அழகு என்று தோன்றியது. இழைகளின் எண்ணிக்கையே சொல்லிவிடும் என்று நினைத்தேன். அழித்தேன். சுருக்கமாக எழுதுவதில் அப்போது எனக்குப் பெருமை.

துணி வந்தது. கட்டிலில் விரித்தாய். ஒவ்வொரு கட்டத்திலும் வெள்ளைக் கோடு இரண்டு. இறங்கிப் போய், திரும்பி ஏறி வந்திருந்தது.

என்ன நடந்தது என்று சொன்னேன். நீ விரலால் ஒரு கோட்டை மறைத்துப் பார்த்தாய். இன்னொன்றை மறைத்துப் பார்த்தாய். வெளியே மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடி ஓய்ந்ததும் நிமிர்ந்தாய்.

"பரவால்ல. இதுலயே தைச்சிடவா?"

என்னைத்தான் கேட்டாய். நீ முடிவு செய்திருந்தால் கேட்டிருக்கமாட்டாய்.

"வேண்டாம். நீ நினைச்ச மாதிரியே வரட்டும். அடுத்த தடவை நான் சரியா எழுதுறேன்."

"சரி" என்று மடித்து வைத்தாய்.

நாலு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிட்டுப் படுத்தாய். எழவில்லை. இதயம் என்று எழுதிக் கொடுத்தார்கள். உனக்கு முப்பது முடியவில்லை. அடுத்த மாதம் உன் லீவு. மடிப்பு எடுக்கும் வேகத்துக்கு உனக்கு நாலு நாள் போதும். நாலு மாதம் இருந்தது.

உன் உடல் வைத்த பெட்டியோடு பொருள்களையும் ஊருக்கு அனுப்பும்போது உன் தங்கை போனில் சொன்னாள்: "அண்ணன் போட்ட உடுப்பு மட்டும் போதுங்க." சட்டைகளை மடித்தேன். இதை எடுத்தேன், வைத்தேன். தைக்காதது உடுப்பு இல்லை. நீ போட்டதும் இல்லை. என்னிடமே தங்கிவிட்டது.

போன வருடம் ஒரு முறை இரண்டாவது வெள்ளைக் கோட்டை உருவிப் பார்த்தேன். இழை வந்தது. அது இருந்த இடத்தில் சந்து விழுந்து, பக்கத்து இழைகள் தளர்ந்தன. நிறுத்திவிட்டேன். மடிப்பு எடுத்தால் இனி அந்த இடம் கிழியும்.

இப்போது தராசு முப்பத்தொன்றரை காட்டுகிறது. புத்தகங்களை வெளியே எடுத்துவிட்டேன். துணியை வைத்திருக்கிறேன். யாருக்கும் தைக்க முடியாது. அளவு எழுதிய கதவும் இங்கேயே இருக்கப்போகிறது, வீட்டுக்காரர் வெள்ளையடிப்பார்.

ஆனால் நீ கேட்டது கூடவே வருகிறது. தைச்சிடவா? தை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் சுருக்கமானதுதான். ஒரே எழுத்து.