குகைக்குப் போவதற்கு ஆறு நாள் முன்பு

அம்மா,

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அத்தை பரணிலிருந்து பச்சை வயர் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, இப்படி நாறுது! நல்லா கழுவிக் கவுத்து வை" என்று என்னிடம் தள்ளினாள். நானும் முகத்தை உள்ளே வைத்துப் பார்த்தேன். வவ்வால் வாடை. மாமண்டூர் குகையில் நீ தரையில் வைத்த கூடை அது. ஏழு மாதம் ஆகியும் வயர் இடுக்குகளில் அந்த வாடை அப்படியே இருக்கிறது. தொட்டியடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அழுகை வந்தது. நீ போன அன்றுகூட எனக்கு அப்படி வரவில்லை.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அடுப்பங்கரையில் சிம்னி விளக்கைச் சின்னதாக வைத்துக்கொண்டு பூகோள நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அப்பா தமிழை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். அதனால் யார் புரண்டு படுத்தாலும் நோட்டை மூடிவிடுகிறேன்.

நாளை ஆடி அமாவாசை. காலையில் அத்தை ஒரு பூசாரியோடு அப்பாவை அந்தக் குகைக்குக் கூட்டிப்போகிறாள். கறுப்புக் கோழி ஒன்று வாங்கி வந்து தறியின் காலில் கட்டியிருக்கிறாள். குகையில் இருக்கிற ஏதோ ஒன்றுதான் உன்னைப் பிடித்துக்கொண்டதாம். அதன் முன்னால் அப்பா விழுந்து, "நான்தான் கூட்டிக்கிட்டு வந்தேன், என் தப்பு" என்று மூன்று தடவை சொல்ல வேண்டுமாம். அப்பா தலையாட்டிவிட்டார். அத்தைக்காகத் தலையாட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் அதை நம்புகிறார், அம்மா. நீ போனதிலிருந்து தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நூல் ஓட்டுகிற நாடா கையில் இருக்கிறது, ஓடுவதில்லை. பக்கத்து வீட்டுத் தறி சத்தம்தான் நம் வீட்டிலும் கேட்கிறது.

நம் தெருவில் எல்லாத் தறியும் நிற்பது அமாவாசை அன்றைக்குத்தான். உன்னை வெளியே கூட்டிப்போக அப்பாவுக்கு வேறு நாளே கிடையாது. அந்த நாளில்தான் பிள்ளைத்தாய்ச்சி ஆளில்லாத இடத்துக்குப் போகக் கூடாது என்பார்கள். மார்கழி அமாவாசைக்கு முதல் நாள் அத்தை வாசலில் நின்று கத்தினாளே, நினைவிருக்கிறதா?

"வேணாம்டா. ஆறு மாசத்துக்காரி. அமாவாசையும் அதுவுமா பாழுங் குகைக்கு எதுக்கு?"

"அமாவாசையை விட்டா எனக்கு ஏதுக்கா லீவு?" என்றார் அப்பா. "பதினாலு வருசமா இவ பொறந்த ஊரு மாகறலை விட்டா காஞ்சிபுரம், காஞ்சிபுரத்தை விட்டா மாகறல். ஒரு நாள் ஊரைப் பார்த்துட்டு வரட்டும்."

நீ ஒன்றும் சொல்லாமல் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாய். மறுநாள் புளிச்சோற்றுக்கு. அந்த மௌனம் எதற்கென்று நம் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அத்தை கத்தியதற்கு ஐந்து நாள் முன்பு, "கால் வீக்கமா இருக்குது, காட்டிட்டு வர்றேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, போர்டுகளைப் படித்துச் சொல்ல என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். டாக்டரம்மா உன் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். பிறகு, "வீட்டுக்காரர் வரலையா?" என்றார். நீ இல்லை என்றதும், "உன் இதயம் பலவீனமா இருக்குது. இந்தப் பிரசவத்தை இங்க பார்க்க முடியாது. மெட்ராஸுக்கு எழுதித் தர்றேன். இந்த வாரமே போய்ச் சேர்ந்துடணும். உயிருக்கு ஆபத்தும்மா, புரியுதா?" என்று கேட்டார். நீ புரிகிறது என்றாய். புடவைக்கு விலை சொன்னால் கேட்டுக்கொள்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்.

வெளியே வந்ததும் எனக்குச் சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தாய்.

"அப்பாகிட்ட சொல்லணுமேம்மா" என்றேன்.

"சொல்லலாம். குகைக்குப் போயிட்டு வந்து சொல்லலாம். இப்ப சொன்னா உங்கப்பா வண்டியை நேரா மெட்ராஸுக்கு விடச் சொல்லுவாரு. அங்க கட்டில்ல படுக்க வெச்சுடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள். ஒரே ஒரு நாள் பாப்பா."

"ஆபத்துன்னாங்களே?"

"நீ பொறக்கிறப்பவும் அப்படித்தான் சொன்னாங்க. இப்ப ஐஸ் தின்னுக்கினு நிக்கிறியே."

நான் சிரித்துவிட்டேன். ஐஸ் கையில் வழிந்தது. டாக்டர் சீட்டை என்னிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னாய். பூகோளப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அமாவாசை அன்று விடியும்போதே தணிகாசலம் மாமா டாக்சியோடு வந்துவிட்டார். அப்பாவோடு ஐந்தாவது வரை படித்தவர், அப்பாவை யார் முன்னாலும் கேலி செய்ய உரிமை உள்ளவர். அத்தை உன் கொண்டையில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகி, "வீடு வந்து சேர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது" என்றாள். மாமண்டூரில் இறங்கிய உடனே ஒரு ஆட்டுக்குட்டி உன் பின்னாலேயே வந்தது. நீ சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வேப்பிலையை உருவி அதற்குப் போட்டுவிட்டாய். "அதுக்காவது பசி ஆறட்டும்" என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். வேப்பிலை எங்கே என்று அன்று ராத்திரி அத்தை கேட்டபோது, "எங்கேயோ விழுந்துடுச்சு" என்றாய். தான் அவசரப்படுத்தி டாக்சியில் ஏற்றியதால்தான் விழுந்தது என்று அப்பா இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

குன்றைப் பார்த்து, "இவ்வளவுதானா? மலைன்னு சொன்னாரு" என்றாய்.

"குன்னு குட்டையா இருந்தா இன்னா தங்கச்சி?" என்றார் மாமா. "உன் வீட்டுக்காரன்கூடத்தான் குட்டை. பதினாலு வருசம் ஓட்டலை?"

அப்பா செருப்பைக் கழற்றி அவர் மேல் எறிவது போல ஓங்கினார். நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாய். அப்படிச் சிரித்ததில் உனக்கு மூச்சு வாங்கியது. நான் பார்த்தேன்.

பாறையைக் குடைந்து செய்த குகைகள், வரிசையாகத் தூண்கள். யார் செதுக்கினார்கள், எப்படிச் செதுக்கினார்கள் என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். மேலே ஏறினால் ஏரி தெரியும் என்று அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மாமாவோடு போனார். நீ நாலு அடி வைத்தாய். பிறகு, "கால் வலிக்குது, நான் இங்க நிழல்ல இருக்கிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு குகைக்குள் வந்து உட்கார்ந்தாய். உன் கை ஜில்லென்று இருந்தது. உதடு நாவற்பழம் தின்றது போல இருந்தது. வாயால் மூச்சு விட்டாய். தலைக்கு மேலே வவ்வால்கள் கீச்கீச்சென்றன. மேலேயிருந்து அப்பாவின் குரல் வந்தது, "ஏரி ரொம்பியிருக்குது! மெதுவா ஏறி வா!"

நான் அப்பாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாய். அவ்வளவு பலம் உனக்கு எங்கிருந்து வந்ததோ.

"கத்தினேன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்."

நான் கத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் உன் முகம் தெளிந்தது. மேலே பார்த்து, "தலைகீழா தொங்கிக்கினு நம்மளப் பார்த்து ஊர்க்கதை பேசுதுங்க பாரு. உங்க அத்தைக்குச் சொந்தம்போல" என்றாய். அப்பா இறங்கி வந்தபோது நாம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். இப்போது யோசித்தால், அந்தச் சிரிப்புதான் அவரை ஏமாற்றியது.

அங்கிருந்து வேடந்தாங்கலுக்குப் போனோம். ஏரிக்கரையில் நடக்கும்போது காவல்காரத் தாத்தா ஒருவர் தம்பியிடம், "கை தட்டாத ராசா. இங்க தீபாவளிக்கு நாங்களே வெடி வெக்கிறதில்ல" என்றார். தண்ணீருக்குள் நின்ற மரங்களெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல எச்சத்தால் வெளுத்திருந்தன. ஒவ்வொரு கிளையிலும் கூடு. ஒரு நாரை வெயிலுக்கு இரண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு குஞ்சுகள் மேல் நின்றது. நகரவே இல்லை. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். புளிச்சோறு சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அப்பா கிளம்பலாம் என்றார். "இன்னும் கொஞ்ச நேரம்" என்றாய். மறுபடி கூப்பிட்டார். "இன்னும் கொஞ்ச நேரம்." மூன்றாவது தடவையும் அதையே சொன்னபோது அப்பா சிரித்துக்கொண்டு கரையிலேயே துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். "பாருடா, இவ இங்கேயே குடித்தனம் வெச்சிடுவா போலிருக்குது" என்று மாமாவிடம் சொன்னார். அப்பாவின் முகத்தில் அவ்வளவு பெருமை. உனக்கு ஏதோ பெரிதாக வாங்கிக் கொடுத்துவிட்டது போல.

வந்து சொல்கிறேன் என்றாயே, அம்மா. தினமும் பள்ளிக்கூடம் போகும்போது உன் காதில் கேட்டேன், சொல்லிட்டியா என்று. தறியில இருக்கிற சேலை இறங்கட்டும் என்றாய். பொங்கல் போகட்டும் என்றாய். தை முடியட்டும் என்றாய். மாசியில் எட்டாவது மாதத்திலேயே வலி வந்துவிட்டது. வண்டி பிடித்து வருவதற்குள் நீயும் இல்லை, குழந்தையும் இல்லை.

அன்றைக்கே நான் சீட்டை எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். குகைதான் காரணம் என்று அத்தை சொல்ல ஆரம்பித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அந்தப் பழி என் மேல் இல்லை என்று. அது அப்பா மேல் போய் விழுந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

நாளைக் காலையில் அவர் போய் வவ்வால்களின் கீழே விழுந்து, உன்னைத் தானே கொன்றதாகச் சொல்லப் போகிறார். கோழி கொக்கரிக்கிறது. விளக்கை அணைக்கிறேன்.

*

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. அத்தை என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

அம்மா, சொல்லிவிட்டேன்.

அமாவாசை அன்று காலையில் பூசாரி வாசலில் வந்து நின்றுவிட்டார். அப்பா ஈரத் தலையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் சீட்டை நீட்டினேன். அது இங்கிலீஷில் இருந்ததால் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டரம்மா சொன்னதை நானே சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று தெரியும்.

"அடிப்பாவி! இத்தினி நாளா வாயில இன்னாடி வெச்சிருந்தே?" என்று அத்தை கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பா அவளைத் தடுக்கவில்லை. முதுகில் இரண்டு அடி விழுந்தது. அப்பா அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"குகைக்குப் போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிப்பா."

"எத்தினி நாள்?"

"ஆறு நாள்."

அவர் விரலை மடித்து எண்ணுவது போல உதட்டை அசைத்தார். "அக்கா, கோழியை அவுத்து விடு" என்றார். அத்தை நகராததால் தானே போய் அவிழ்த்துவிட்டார். பூசாரியைக் கும்பிட்டு, போய் வரச் சொன்னார்.

அப்பாவுக்குப் பாரம் இறங்கிவிடும், எங்களிடம் பழையபடி பேசுவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து, "அப்ப நாள் இருந்திருக்குது. மெட்ராஸ் இன்னா, எழுபத்தைஞ்சு கிலோமீட்டர்கூட இல்ல" என்றார். கொஞ்சம் கழித்து, என்னிடம் இல்லை, சுவரிடம் சொன்னார்: "உங்கிட்ட சொன்னா. எங்கிட்ட சொல்லலையே." பிறகு அவர் அழுதது போல ஓர் அழுகையை நான் இதுவரை கேட்டதில்லை. குகையின் மேல் பழி போட்டிருந்தபோது அவருக்கு உன் மேல் கோபம் இல்லை. இப்போது இருக்கிறது. அதை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன்.

இன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். குகைக்குள் என்ன நடந்தது, நீ என்ன சொன்னாய், ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். வேப்பிலை ஆட்டுக்குட்டிக்குப் போனதைச் சொன்னபோது அவர் உதடு லேசாக விரிந்தது. முடிந்ததும், "வேற ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார்.

"இல்லப்பா" என்றேன்.

ஒன்று இருக்கிறது. அதை அவருக்குக் கொடுக்க மாட்டேன். வேடந்தாங்கலிலிருந்து திரும்பும்போது இருட்டிவிட்டது. முன் சீட்டில் அப்பாவும் மாமாவும் ஏதோ பழைய கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி உன் மடியில் தூங்கிவிட்டான். நான் உன் தோளில் சாய்ந்திருந்தேன். நீ என் காதுக்குள், "எனக்குப் பயமா இருக்குது பாப்பா" என்றாய். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். நீ என் தலையைத் தடவிவிட்டு, "தூங்கிட்டியா" என்று உனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நான் தூங்கவில்லை, அம்மா.