பெட்டியின் மேல் எழுதிய பெயர்

அன்புள்ள யோஹானஸ் அண்ணை,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. காலையிலிருந்து மூன்று தரம் இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். வயதால் வரும் தடுமாற்றம் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். இல்லை, இது பயம்.

வரும் சனிக்கிழமை பின்னேரம் எங்கள் ஓகூஸ் நகரத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் உங்களை நினைவுகூரக் கூடுகிறார்கள். பேசுகிறவர்களில் நானும் ஒருவன். எலேனா என்று ஒரு பெண்ணும் வருகிறாள். அவளை உங்களுக்குத் தெரியாது. அவளுடைய தகப்பனின் பெயர் தெரியும். அதை உங்கள் கையாலேயே எழுதினீர்கள்.

இதை ஒரு நாள் மற்றவர்களும் வாசிக்கலாம். அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என்னைப்போன்ற வாத்தியாருக்கு நடுவில் தொடங்க வராது.

நீங்கள் கடதாசி வியாபாரி. குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபைக்காரர். பொய் சொல்லமாட்டீர்கள், சத்தியம் பண்ணமாட்டீர்கள் (ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான்), சண்டைக்கென்று துவக்கைத் தொடமாட்டீர்கள். மேற்கு ஆபிரிக்காவில் போர்த்துக்கல்லின் கீழ் இருந்த ஒரு சிறிய நாடு விடுதலைக்குப் போராடியபோது, அந்த மக்கள் காட்டுக்குள் நடத்திய பள்ளிக்கூடங்களுக்குக் கொப்பியும் பென்சிலும் பெட்டி பெட்டியாக அனுப்பினீர்கள். "துவக்குக்கு ஒன்றும் தரமாட்டேன், கொப்பி எவ்வளவும் தருவேன்" என்றீர்களாம்.

நான் உங்களிடம் வந்தது அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவன், அகதியாக வந்து இங்கே உங்கள் களஞ்சியத்தில் கடதாசிக் கட்டு அடுக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். எல்லாரும் வட்டமாக இருந்து பேசாமல் நிலத்தைப் பார்த்தார்கள். அரை மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டு உங்கள் காதுக்குள் கேட்டேன்: "பாதிரியார் பிந்திவிட்டாரோ? ஆராவது போன் எடுத்துப் பாக்கலாமே." நீங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். உங்கள் சபையில் மௌனம்தான் வழிபாடு என்று பிறகுதானே சொன்னீர்கள்.

களஞ்சியத்தில் ஒரு நாள் கோப்பி குடிக்கும்போது நான் என் கதை ஒன்றைச் சொன்னேன். ஆமிக்காரர் என் வகுப்புக்குள் வந்து ஒரு மாணவியின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அவள் முன்வாங்கில் இருந்தாள். "அந்தப் பிள்ளை போன கிழமையே ஊரைவிட்டுப் போட்டுது" என்றேன். அவள் இப்போது இந்த நாட்டிலேயே எஸ்பியர்க் நகரில் பேரப்பிள்ளையோடு இருக்கிறாள்.

"பொய் சொல்ல உமக்குக் கஷ்டமாக இருக்கவில்லையா?" என்று கேட்டீர்கள்.

"வாய் சொல்லிப்போட்டுது, கால்தான் நடுங்கினது" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. கோப்பியை வைத்துவிட்டு மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்தீர்கள். பெட்டிகளின் மேல் பெறுகிறவர் என்று எழுதச்சொல்லி அந்த ஆபிரிக்கப் போராட்டக்காரர் உங்களுக்கு ஒரு பொய்ப் பெயர் தந்திருந்தார்கள். இல்லாத ஆளின் பெயரை எழுதினால் அது பொய் என்று, பெட்டியை உண்மையில் எடுக்கிற ஆளின் பெயரைக் கேட்டு வாங்கி எழுதினீர்கள். அங்கே துறைமுகத்தில் போர்த்துக்கல் பொலிஸ் பெட்டியை உடைத்தது. கொப்பி அட்டைகளில் விடுதலைக் கொடி இருந்தது. பெட்டியின் மேலேயே பெயர் இருந்தது. அந்த மனிதரும் ஒரு வாத்தியார்தான். பிடித்து மறியல் அறைக்குள் பூட்டினார்கள், உயிரோடு திரும்பி வரவில்லை. அங்கிருந்த ஒரு குருவானவர் உங்களுக்கு எழுதிய கடிதம் அது.

வேறு ஆருக்கும் சொல்லாத கதை. அந்தக் கடிதத்தை என் கையில் தந்தீர்கள். அது இப்போது என் மேசை லாச்சியில் இருக்கிறது.

எலேனா அந்த ஆபிரிக்க வாத்தியாரின் மகள். உங்களைப் பற்றி எங்கேயோ வாசித்து, நன்றி சொல்ல வருகிறாள். ஆம் அண்ணை, நன்றி சொல்ல. எனக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "அப்பாவின் பெயரை மாமாதான் பொலிசுக்குக் கொடுத்தார் என்று அம்மா சாகும்வரை நம்பினார். மாமாவுக்கு இப்போது தொண்ணூறு வயது. எங்கள் வீட்டில் ஒருவரும் அவரோடு பேசுவதில்லை."

இதை வாசித்த நாளிலிருந்து அந்தக் குருவானவரின் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கிறேன். அந்த மாமாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

உங்கள் மகன் பெடரிடம் சொன்னேன். "அப்பா செத்துப்போனார். அவர் செய்த நல்லதை மட்டும் சொல்லுங்கள்" என்றான். அவனில் பிழை இல்லை. என் தகப்பனாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

என் மனிசி அப்படி விடவில்லை. "முப்பது வருசம் பிள்ளையளுக்கு முன்னால நிண்டு கதைச்ச ஆள். இப்ப ஒரு பொம்பிளைக்குப் பயப்பிடுறியளோ?"

"அந்தப் பிள்ளையளுக்கு நான் சொன்ன பதிலால ஒருத்தற்ற குடும்பமும் உடையேல்லை."

"இது ஏற்கெனவே உடைஞ்ச குடும்பம்தானே. போய்ச் சொல்லுங்கோ."

ஆனாலும் பயம் போகவில்லை. உங்கள் பெயரை நானே கெடுக்கப்போகிறேனோ? அவள் அந்தப் பழைய கடிதத்தை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தால் எங்கே பார்ப்பேன்? வகுப்பில் ஆமிக்காரன் கேட்டபோது அந்தப் பெயர் ஆருடையது என்று மறைத்து ஓர் உயிரைக் காப்பாற்றினேன். இப்போது உங்கள் பெயரைச் சொன்னால்தான் அந்தக் கிழவர் மாமா தன் வீட்டு மேசையில் மற்றவர்களோடு இருந்து சாப்பிடலாம். அப்போது நடுங்கிய கால்தான் இப்போதும் நடுங்குகிறது.

நேற்றுத்தான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அந்தக் கடிதத்தைத் தந்த அன்று, "ஆருக்கும் சொல்லமாட்டன், சத்தியம்" என்று கையை நீட்டினேன். நீங்கள் என் கையை மெல்லத் தள்ளிவிட்டீர்கள். "சத்தியம் வேண்டாம். ஒரு நாள் நீர் சொல்லவேண்டி வரலாம்." உங்கள் சபை வழக்கம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இல்லை, கதவைப் பூட்டாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு முதல் எலேனாவைத் தனியாகச் சந்திப்பேன். குருவானவரின் கடிதத்தை அவள் கையில் கொடுப்பேன். கொப்பிகளைப் பற்றியும் சொல்வேன், பெயரைப் பற்றியும் சொல்வேன். பிறகு அவள் கதைக்கும்வரை உங்களைப்போலப் பேசாமல் இருப்பேன். அவள் விரும்பினால் மண்டபத்திலும் சொல்வேன்.

இதற்குச் சத்தியம் இல்லை, அண்ணை. ஓம் என்று மட்டும் சொல்கிறேன்.

பயத்தோடும் அன்போடும்,
கூடப் பிறக்காத உங்கள் தம்பி