சங்கிலி வேண்டாம், கம்ப்யூட்டர்

12.2.96, திங்கள்

இன்றும் டைப்பிங் கடையில் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரில் அரைப் பக்கம் அடித்தேன். ஸ்ரீவத்சன் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் எழுந்துவிட வேண்டும். அது அவருடைய நாற்காலி. முதலாளி சுவாமிநாதன் சாரின் அக்கா மகன் அவர். நான் டைப்ரைட்டர் ஆள்.

டைப்ரைட்டருக்கு வேலை குறைந்துவிட்டது. வாடகை ஒப்பந்தம், மனு, அவ்வளவுதான். புத்தகமெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான் போகிறது. சாயங்காலம் கடையைப் பூட்டும்போது சார் சொன்னார்: "நிஷா, ஏப்ரலோட டைப்ரைட்டரை எடுத்துடலாம்னு இருக்கேன். தப்பா எடுத்துக்காதேம்மா."

"எனக்குக் கம்ப்யூட்டரும் வரும் சார்."

"வரும், பார்த்திருக்கேன். மெஷின் ஒண்ணுதானே இருக்கு? ஆத்துல மெஷின் வெச்சிண்டிருக்கறவாளுக்குப் புஸ்தகத்தையே குடுத்து அனுப்பிடுவேன். அடிச்சு, பிளாப்பியில கொண்டுவந்து தந்தா போறும்."

ஆத்துல மெஷின்! அவர் சொன்னது வீட்டை. எங்கள் வீடு ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். குளத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வரும் வரை சிரிப்பாக வந்தது. பஸ்ஸில் ஏறிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் முடியாது?

18.2.96, ஞாயிறு

வீட்டில் சொல்லிவிட்டேன்.

அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, எனக்குச் சங்கிலி வாங்கத்தான் சீட்டுக் கட்டுகிறாள். அடுத்த மாதம் முடிகிறது. அந்தப் பணத்தைக் கேட்டேன். சங்கிலி வேண்டாம், கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

நைனா முதலில் விளையாட்டு என்று நினைத்தார். "கம்பூட்டரா? நம்ம வூட்ல பேன் சுத்தவே கரெண்ட் பத்தல." பிறகு என் முகத்தைப் பார்த்து, ஆட்டோ துடைக்கப் போய்விட்டார்.

அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "சங்கிலின்னா கழுத்துல கெடக்கும்டி. கட்டிக்கினவன் சோறு போடலன்னாக்கூட அடகு வெச்சித் துன்னலாம். இந்தப் பொட்டி இன்னா, சோறா போடும்?"

"போடும்மா."

"உன்ன எவன் கட்டுவான்?"

இதற்கு என்ன சொல்வது? தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அதுதான் அவளுக்குக் கோபம்.

24.2.96

அம்மா இன்னும் பேசவில்லை. சோறு மட்டும் தட்டில் வந்து விழுகிறது.

2.3.96, சனி

தி. நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., கலர் திரையில் மீன்கள் நீந்துகின்றன. டை கட்டிய ஒருவர் வந்து, "முதலாளி அனுப்பினாரா?" என்றார்.

"இல்ல, எனக்குத்தான்."

என் செருப்பைப் பார்த்தார். பிறகு பென்டியம், மல்டிமீடியா, சிடி என்று ஒப்பித்துக்கொண்டே போனார். பாட்டுக் கேட்கலாமாம், படம் பார்க்கலாமாம். தமிழ் எழுத்து வருமா என்று கேட்டேன். அதைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. விலைப்பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். அந்த விலைக்கு நைனாவின் ஆட்டோவையே விற்றாலும் போதாது.

அழவில்லை. பாண்டி பஜாரில் கரும்புச் சாறு குடித்தேன். கடை பெரியதாக இருந்தால் என்ன, நான் கேட்ட ஒரே கேள்விக்கு அவரிடம் பதில் இல்லையே.

16.3.96, சனி

ரிச்சி தெரு, தெரு முழுக்கக் கம்ப்யூட்டர் கடைகள். மவுண்ட் ரோடு வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், உள்ளே நுழைந்ததில்லை. இன்று நைனா கூட வந்தார். ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு, தானாகவே.

ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொன்று சொன்னார்கள். 386 என்கிற பழைய மாடலே போதும் என்றார் ஒருவர், அதைத் தொடவே தொடாதே என்றார் அடுத்தவர். எனக்குப் பாதி புரியவில்லை. புரியாததை மறுபடி கேட்டேன். வெட்கப்பட்டால் ஏமாந்துவிடுவேன்.

மாடிப்படிக்குக் கீழே சின்னதாக ஒரு கடை. ஷரீஃப் பாய் என்பவர் வைத்திருக்கிறார். அவர்தான் முதல் ஆளாகக் கேட்டார்: "அதுல இன்னாம்மா வேல செய்யப் போற?"

"தமிழ்ப் புஸ்தகம் அடிக்கணும் பாய்."

"அப்ப கலர் இன்னாத்துக்கு? கருப்பு வெள்ளை போதும். பழைய 486 ஒண்ணு கீது. மிச்சம் புடிக்கிற துட்ட மெமரில போடு. எட்டு எம்பி இல்லாம புஸ்தக வேல ஓடாது, நின்னுக்கினே இருக்கும்."

நைனா ஆட்டோ வாங்குவது போலப் பேரம் பேசினார். கடைசியில் ஸ்டெபிலைசரையும் சேர்த்துத் தருவதாக பாய் ஒப்புக்கொண்டார்.

31.3.96, ஞாயிறு

சீட்டு முடிந்தது. அம்மா பணத்தை என் மடியில் போட்டாள். "எடுத்துக்கினு போ. நாளைக்கு நான் தடுத்தேன்னு பேச்சு வரக்கூடாது." பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் செய்வது சரிதானா? சரிதான். சரியாக இருந்தே ஆக வேண்டும்.

6.4.96, சனி

வந்துவிட்டது! திரையை மடியில் வைத்துக்கொண்டு நைனாவின் ஆட்டோவில் வந்தேன். தெருவே கூடிவிட்டது. தேர்தல் வண்டியின் மைக் ஒரு பக்கம், எங்கள் வாசலில் கூட்டம் ஒரு பக்கம். 'டிவி இன்னாத்துக்குப் படம் காட்டல?' என்று பிள்ளைகள் கேட்டுவிட்டுக் கலைந்து போனார்கள்.

அம்மா எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் பெஞ்சில் இருந்த அரிசி டின்னை யார் எடுத்து இடம் விட்டது?

ஒரு விஷயம் உறுத்துகிறது. ஆன் செய்ததும் திரையில் எண்கள் ஏறும். கடை மெஷினில் எட்டாயிரத்தை நெருங்கித்தான் நிற்கும். என்னுடையது நாலாயிரத்திலேயே நின்றுவிட்டது. மூன்று தடவை அணைத்துப் போட்டேன். அதே நாலாயிரம்.

8.4.96, திங்கள்

ஸ்ரீவத்சனிடம் கேட்டேன். "அதுதான் மெமரி. பாதிதான் போட்டிருக்கான். பேசாம விட்டுடு, இப்போ போய்க் கேட்டா ஒத்துக்கமாட்டா" என்றார்.

விடுவதா? அம்மாவின் முதுகு எலும்பு அது! அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன்.

கடையில் ஷரீஃப் பாய் இல்லை. பாகங்களைப் பெட்டிக்குள் பொருத்தித் தந்த கடை ஆள் இருந்தான். "பழைய மெஷின் அப்படித்தாம்மா காட்டும்."

"அப்ப தொறந்து காட்டு."

"தொறந்தா கேரண்டி பூடும்."

"பரவால்ல. தொற."

தொழுகை முடிந்து பாய் வரும்வரை வாசலிலேயே பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வந்தார், கேட்டார், மூடியைக் கழற்றினார். இரண்டு பச்சைப் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. பாய் அந்த ஆளை ஒரு பார்வை பார்த்தார். டிராயரிலிருந்து இன்னொன்றை எடுத்துச் செருகினார். எண்கள் ஏறின. எட்டாயிரம் பக்கம் போய் நின்றன. மூடியைத் திருகி முடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினேன்.

25.4.96

கடையிலிருந்து தமிழ் எழுத்தை வாங்கி ஏற்றி, அடித்து, முதல் பிளாப்பியைக் கொடுத்தேன். சார் அச்செடுத்துப் பார்த்து, மூன்றே பிழை என்றார். ஒரு கட்டுரைப் புத்தகம் முழுதும் என் கைக்கு வந்திருக்கிறது. டைப்ரைட்டரை எடுத்த பிறகும் ஜூன் வரை கடையில் பிழை திருத்த வரச் சொல்லியிருக்கிறார்.

19.5.96

வோல்டேஜ் இல்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி போட்டால் என் திரை சுருங்குகிறது. ஐந்து வரிக்கு ஒரு தரம் சேமிக்கிறேன். அம்மா தன் பழைய புடவையை மெஷின்மேல் போர்த்தியிருந்தாள். கேட்டதற்கு, "தூசி படுது" என்றாள். அவ்வளவுதான்.

15.6.96, சனி – கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம்

இந்த டைரி பையில் இருந்ததால் தப்பித்தது. தரையில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக வருகிறது.

நேற்றுக் காலை கொட்டுகிற மழையிலேயே வேலைக்குப் போனேன். புத்தி இருந்தால் போயிருப்பேனா? மயிலாப்பூரில் தெருவெல்லாம் தண்ணீர். பஸ் இல்லை. ஆறு ஏறிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். எங்கள் தெருவுக்குள் போலீஸ் விடவில்லை. கூரை மட்டும்தான் தெரிந்தது. அம்மா... நைனா... பெயர் சொல்லிக் கத்தினேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார் என்று யாரோ கை காட்டினார்கள்.

மூன்றாம் வகுப்பு அறையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து கால்வரை ஈரம். மடியில் ஆட்டோ ரெக்சினில் சுற்றிய திரை. பக்கத்தில் பிளாஸ்டிக் ஷீட் மூடிய பெட்டி. நைனா தாம்பரம் சவாரிக்குப் போனவர் வழியில் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒருத்தியாகத்தான் இடுப்புத் தண்ணீரில் இரண்டு நடை நடந்திருக்கிறாள். தலையில் வைத்து.

"இன்னாடி அப்படிப் பாக்குற? ரெண்டையும் எடுத்தாந்துட்டேன். பித்தாள குண்டான், டிரங்குப் பொட்டி அல்லாம் பூட்ச்சு."

"ஏம்மா, உனக்கு எதுனா ஆயிருந்தா?"

"உன் சங்கிலிடி அது. ஆத்துல வுடுவனா?"

கொஞ்ச நேரம் கழித்து மெல்லக் கேட்டாள்: "எழுத்துக் கட்ட ஒண்ணு இருந்திச்சே, நீ தட்டுவியே, அத்த மறந்துட்டேன். அது இல்லாம ஓடாதா?"

அவள் மடியில் தலை வைத்து அழுதேன். திரை இடித்தது.

22.6.96, சனி

வீட்டில் சேறு எடுத்து முடித்தோம். சுவரில் என் தலை உயரத்துக்குக் கோடு விழுந்திருக்கிறது. பெட்டியையும் திரையையும் ஷரீஃப் பாயிடம் கொண்டு போனேன், அம்மாவும் கூட வந்தாள். பிரித்துக் காயவைத்து, ஊதி, மறுபடி பூட்டினார். அம்மா கடை வாசற்படியை விட்டு நகரவில்லை. திரை வெளிச்சமானதும், "உசுரு கீது" என்றாள். புதிய விசைப்பலகை வாங்கினேன். அடித்து வைத்திருந்ததில் கடைசி இரண்டு அத்தியாயம் அழிந்துவிட்டது, மறுபடி அடிக்க வேண்டும். அடிப்பேன்.

5.8.96, திங்கள்

கடைக்குப் போவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. இப்போது இரண்டாவது புத்தகம், தடிமனான இலக்கண நூல். காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் லாரி ஹாரன் கேட்டது. எட்டு வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்கு ஓடுகிறவள் நான். எழுந்து பார்த்தால் குடங்களைக் காணோம். வாசலில் எட்டிப் பார்த்தேன். அம்மா இரண்டு குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு அக்கா கேட்டாள்: "இன்னா தேவானை, நீ வந்துகீற? பொண்ணு வூட்லதான கீது?"

அம்மா குடத்தை ஒரு அடி முன்னால் நகர்த்தினாள். "வூட்ல இல்ல. வேலைக்குப் போயிருக்குது."

சத்தம் போடாமல் உள்ளே வந்து உட்கார்ந்தேன்.