பின்சீட்டு யாருக்கு

என் அருமை வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும், இரண்டு பசுக்களும், தெரிந்தவர்களைப் பார்த்து மட்டும் குரைக்கிற நம் நாயும் சுகமாகவே இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது, உனக்கும் உடனே ஏதாவது மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதத்தில் நான் எவ்வளவு கத்தினாலும் உனக்குக் கேட்காது பார். மூன்று நாளாக அடுப்படி வேலை முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், கையெழுத்து இடையிடையே கோணினால் கண்டுகொள்ளாதே.

போன மாதம் நீ போனில் சாதாரணமாகத்தான் சொன்னாய், "இந்த லீவுக்கு வரலம்மா, அங்க வந்து என்ன பண்ணப்போறேன், முன் ரூம்ல உக்காந்து ரோட்டைப் பாக்கவா அவ்வளவு தூரம் வரணும்" என்று. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் கல்லுளிமங்கன் ஆயிற்றே, தன் தட்டையும் என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை பால் கறந்து முடித்து வந்தவர் பாத்திரத்தைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே "மேட்டுக்கு ஏறுற மாதிரி ஒரு வண்டி வாங்கணும்" என்றார். அன்றிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சு கிடையாது. வேலைக்கும் வண்டி வேண்டும்தான், இல்லை என்று சொல்லவில்லை. தீவன மூட்டையையும் வேலிக் கம்பத்தையும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்து அந்தச் சறுக்கலில் தள்ளித் தள்ளி அவர் முதுகு என்ன பாடு படுகிறது என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் முதுகு வலி பத்து வருஷமாக இருக்கிறது, வண்டி ஆசை மட்டும் நீ வரமாட்டேன் என்று சொன்ன மறுநாள் வந்ததென்றால் யாருக்காக என்று எனக்குத் தெரியாதா. உன் தோழி ஒருமுறை சொன்னாள், செயற்கைக் கால் போட்டுக்கொண்டு அந்த ஊர்ச் சாலையில் நீ மற்றவர்களை முந்திக்கொண்டு நடக்கிறாய் என்று. நம் மேடு சாலை இல்லையே. பின்கேட்டைத் தாண்டினால் ஓடைமேல் அந்தக் குட்டிப் பாலம், அப்புறம் உருளுகிற கல், எலுமிச்சைத் தோட்டம், அதற்கும் மேலே உன் தேன்பெட்டிகள். எட்டுப் பெட்டியில் இப்போது ஐந்தில்தான் தேனீ இருக்கிறது. அப்பா கிட்டே போனால் கொட்டு வாங்கிக்கொண்டு வருகிறார், நான் போகவே மாட்டேன்.

சரி, வண்டிக் கதைக்கு வருகிறேன். இதில் இரண்டு ஜாதி இருக்கிறதாம். ஒன்று குட்டி ஜீப் மாதிரி, இரண்டு சீட் பக்கத்தில் பக்கத்தில், ஸ்டீயரிங், பெல்ட், தலைக்கு மேல் கூரை, பின்னால் சாமான் போட ஒரு தொட்டி. இன்னொன்று பைக் மாதிரி, காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்து ஓட்டுவது, சக்கரம் மட்டும் நாலு, முன்னாலும் பின்னாலும் சாமான் கட்டக் கம்பி. நான் முதல் நாளிலேயே ஜீப் மாதிரிதான் என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பத்திரமாக உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டு, அப்பா ஓட்ட, நீ மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், மழை பெய்தாலும் நனையமாட்டாய். அவர் ஹேண்டில் வண்டிதான் என்றார். ஏன் என்று கேட்டேன். பாலம் அகலம் போதாது என்று முதலில் ஒரு சாக்கு சொன்னார். இரண்டு குச்சியை ஜீப்பின் அகலத்துக்கு வெட்டிக் கொண்டுபோய்ப் பாலத்தில் வைத்துப் பார்த்தோம், இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. தோற்றுப்போனதும் எலுமிச்சை வரிசைக்குள் திரும்பாது என்றார். அறுபத்தைந்து வயசில் மனுஷனுக்குப் பைக்கில் பறக்கிற ஆசை வந்துவிட்டது, பெண் பேரைச் சொல்லித் தன் ஆசையைத் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன், நினைத்ததை வாய்விட்டும் சொன்னேன்.

இந்தச் சண்டைக்கு நடுவில் உன் மாமா வேறு. என் தம்பியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவன், நாலு நாள் வீடியோ பார்த்துவிட்டு வந்து டயர் அகலம் என்ன, இன்ஜின் சூடு எத்தனை, எத்தனை டிகிரி சரிவில் வண்டி கவிழும் என்று சாப்பாட்டுத் தட்டில் தண்ணீரால் படம் போட்டுக் காட்டினான். "அக்கா, வேலைக்குன்னா ஒண்ணு, ஜாலிக்குன்னா ஒண்ணு, முதல்ல எதுக்குன்னு முடிவு பண்ணு" என்று அவன் சொன்னது மட்டும் எனக்கு உறைத்தது. எனக்கு ஜாலி என்ற கணக்கே மனசில் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் தேடியது கூரையும் பெல்ட்டும் மட்டும்தான்.

இதே சமயத்தில் இன்னொரு கூத்து. ஒரு வாரமாக உன் அப்பா மாட்டுக் கொட்டகையில் வலது காலை விறைப்பாக இழுத்து இழுத்து நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது, வழக்கம்போல மறைக்கிறார் என்று முடிவு பண்ணி, இப்படியா உடம்பைக் கெடுத்துக்கொள்வது என்று திட்டி, மூன்று நாள் தைலத்தைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டேன். அவரும் வலிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல், காலை நீட்டிக்கொண்டு சுகமாகத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அந்தத் தைலம் எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிவைத்தது தெரியுமா.

போன சனிக்கிழமை மூன்று பேரும் வண்டிக் கடைக்குப் போனோம். பின்பக்கம் பெரிய காலி இடம், ஓட்டிப் பார்ப்பதற்கென்றே மண்மேடு ஒன்று, மூலையில் பழைய டயர் அடுக்கு. கடைக்காரர் நல்ல மனுஷர், ஒவ்வொரு வண்டியையும் காட்டும்போது மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல அதன் சீட்டைத் தட்டுவார். அப்பா போன கையோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பையைத் திறந்தார். உள்ளே பழப்பெட்டியிலிருந்து பிரித்த இரண்டு பலகை, கொஞ்சம் துணி நாடா. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் பலகையை வைத்துக் கணுக்கால் மடங்காதபடி இறுக்கிக் கட்டினார், கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கு மானம் போயிற்று. கட்டின காலோடு முதலில் ஜீப் வண்டியில்தான் ஏறினார், என் வண்டியில். அதில் ஆக்ஸிலேட்டர், பிரேக் இரண்டுமே வலது காலுக்குத்தான். மரக்கட்டை மாதிரிக் காலுக்கு எது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, மெதுவாகத்தான் போனார், ஆனாலும் நேராகப் போய் டயர் அடுக்கில் மோதி நின்றார். உன் மாமா சும்மா இருப்பானா, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்று பழமொழி எடுத்துவிட்டான். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இறங்கி நொண்டிக்கொண்டே போய் ஹேண்டில் வண்டியில், இடது காலை ஊன்றி, கட்டின காலைச் சுற்றிப் போட்டு ஏறினார். அதில் கியர் மாற்ற வேண்டியதில்லை, ஆக்ஸிலேட்டர் கட்டைவிரலால் அழுத்துவது, கையில் பிடிக்கிற பிரேக் நாலு சக்கரத்தையும் பிடிக்கிறது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மண்மேட்டில் ஏறி, உச்சியில் நிறுத்தி, அந்தப் பக்கம் இறங்கி வந்தார். வந்து நின்றதும் கடைக்காரர் "ஐயா, காலுக்கு என்ன ஆச்சு, அடி பட்டுச்சா" என்று கேட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, ஓட்டப்போறது என் பொண்ணு, அவளுக்கு இந்தக் கணுக்கால் மடங்காது, அதான் கட்டிப் பாத்தேன்" என்றார் உன் அப்பா.

கொட்டகையில் ஒரு வாரம் காலை விறைப்பாக இழுத்து நடந்ததும் இதற்காகத்தான். வாலு, அந்த இடத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. உன்னை எங்கே உட்காரவைப்பது என்று பார்த்துத்தான் நான் வண்டி தேடினேன். நீ ஓட்டுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினாறு வயசில் மாமாவின் ஸ்கூட்டரைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய் ஊரையே சுற்றினவள் நீ, உன்னை ஒரு மூட்டையாக நினைத்து எங்கே கட்டினால் விழாது என்று பார்த்திருக்கிறேன். போன வருஷம் நீ வந்தபோது நாலாவது நாள் காலையில் தடியை எடுத்துக்கொண்டு தேன்பெட்டிக்குப் போகிறேன் என்று கிளம்பினாய் இல்லையா. நான் பின்கேட்டில் குறுக்கே நின்றுகொண்டு போகக்கூடாது என்று கத்தினேன், மாமாவைக் கூப்பிட்டேன், அவன் எதிரிலேயே அழுதேன். நீ திரும்பி வந்து முன் அறையில் உட்கார்ந்தாய். மிச்சம் ஆறு நாளும் அங்கேயேதான் இருந்தாய், நான் வேளாவேளைக்குத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன், நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. உன்னை அந்த அறையில் உட்காரவைத்தது உன் கால் இல்லை, நான்தான். உன் காலைப் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த அந்த நாளிலிருந்து எனக்குப் பயம், கண்ணே, போன் மணி அடித்தாலே அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன், அதுதான் உண்மை. ஆனால் என் பயத்தை நான்தான் சுமக்க வேண்டும், அதை உன் தலையில் ஏற்றிவைத்தது தப்பு. பெற்ற பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கக் கை கூசுகிறது, இருந்தாலும் கேட்கிறேன், மன்னித்துவிடு.

எந்த வண்டி எடுத்தோம் என்று சொல்லவில்லையே. அப்பா ஓட்டிப் பார்த்தது ஒருவர் மட்டும் உட்காரக்கூடியது, அதில் பின்னால் ஆளை ஏற்றக்கூடாது என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். அப்பா அதற்கே பில் போடச் சொல்லிவிட்டார். நான்தான் குறுக்கே புகுந்து, இதே மாதிரி ஹேண்டிலும் கை பிரேக்கும் வைத்து இரண்டு பேர் உட்காரும்படி இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் நீளமாக ஒன்று இருந்தது, பின்னால் சாய்ந்துகொள்ள முதுகுப் பலகை, இரண்டு பக்கமும் கைப்பிடி. இதுதான் என்றேன். பின்சீட்டு யாருக்கு என்று அப்பா கேட்டார். எனக்கு என்றேன். உன் மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான், "அக்கா, நீ ஸ்கூட்டர்லயே கண்ணை மூடிட்டு உக்காருவியே" என்றான். உண்மைதான். அதனால் அங்கேயே ஏறி உட்கார்ந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள் என்றேன். முதல் சுற்று முழுவதும் நான் போட்ட கூச்சலில் கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டாவது சுற்றில் மேட்டு உச்சியில் கண்ணைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது, வாலு, அடக்கவே முடியவில்லை, அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார், முன்னால் பார்த்து ஓட்டுங்கள் என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

வண்டி மாதக் கடைசியில் வீட்டுக்கு வருகிறது. நீ வந்தால் முதல் இரண்டு நாள் கீழே களத்தில்தான் ஓட்டிப் பழக வேண்டும், இது நான் சொல்லவில்லை, கடைக்காரர் சொன்னது. சரிவில் குறுக்கே திருப்பக்கூடாது, நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். இது மாமா சொன்னது, அவன் சொன்னதிலும் ஒன்றாவது சரியாக இருக்கும். நான் பின்னால் உட்கார்ந்து கத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதே. இதை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, காலில் உராய்ந்து புண் வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டு, நூறு வயசு நன்றாக இரு, நினைத்த இடத்துக்கெல்லாம் போய் வா, என் ஆசி எப்போதும் உனக்கு முன்னால் போகும்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஹெல்மெட் மூன்று வாங்குகிறோம். அப்பா அளவும் என் அளவும் கொடுத்தாயிற்று, உன் அளவு தெரியாமல் கடைக்காரர் நிற்கிறார். ஒரு நூலை எடுத்துப் புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றிப் பிடித்து, அதை ஸ்கேலில் வைத்துப் பார்த்து எத்தனை செண்டிமீட்டர் என்று போனில் அனுப்பு. என்னை மன்னித்தாயா, லீவுக்கு வருகிறாயா என்று எதையும் எழுத வேண்டாம். அந்த ஒரு எண் வந்தால் போதும், நான் புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உனக்குப் பின்னால் உட்காரக் காத்திருக்கும்
அம்மா