அஞ்சடிக்கு எடுத்துப் போகாத சிவப்பு

ஜூலை 15, செவ்வாய்

இர்ஃபான் வந்து ஒன்பது நாள். அதற்குள் கல்லாப் பக்கத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி. இந்தப் பிரிக்ஃபீல்ட்ஸ் சேலைக் கடையில் ஆறு வருடமாக நான் நின்றேதான் விற்கிறேன். பட்டுப் பக்கம் எங்களுக்கு ஸ்டூல்கூடக் கிடையாது. அவன் பாஸின் அக்கா மகன், தமிழ்நாட்டில் எலெக்ட்ரிக்கல் படித்தவன். நான் கம்போங் மேடான் ஃப்ளாட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள்.

சுபாங் ஜெயாவில் கிளை திறக்கப் போகிறார்கள். "சிந்து இருக்கா, பாத்துக்குவா" என்று போன வருடம் பாஸ் எல்லார் முன்னாலும் சொன்னார். இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி. கல்யாண வியாபாரம் படுத்துக் கிடக்கிறது. இதுதான் சமயம் என்று இர்ஃபான் குண்டு பல்புகளை எல்லாம் கழற்ற வைத்துவிட்டான். இனி கிடைக்காது என்று பாஸ் ஒரு காலத்தில் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கியவை.

"ஒரு பல்பு நூறு வாட் மாமா. முக்காவாசிக்கு மேல சூடாத்தான் போகுது. அந்தச் சூட்டை எறக்க ஏசி வேற ஓடுது. எல்இடின்னா பன்னெண்டு வாட் போதும்."

அவன் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். அந்த பல்புக்குக் கீழே கழுத்து வெந்து நின்றவள் நான். சூடாக இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னேன்? அவன் வாட்டில் சொன்னதும் ஏணி வந்துவிட்டது.

ஜூலை 19, சனி

கடை ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை. பல்பு பெட்டியில் 'டேலைட்' என்று போட்டிருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

ஒன்று கண்டுபிடித்தேன். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

குண்டு பல்பில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். அந்த வெளிச்சத்தை யாரும் நம்ப மாட்டோம். பில் போடுவதற்கு முன் சேலையையும் ரவிக்கைத் துணியையும் கடை வாசலில் இருக்கிற அஞ்சடி நடைபாதைக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டுவோம். கடைப் பழக்கம் அது. இப்போது கடைக்குள்ளேயே பகல் வந்துவிட்டதாக நினைப்பு. யாரும் வாசலுக்குப் போவதில்லை.

இன்று ஆள் இல்லாத நேரத்தில் ஓர் அரக்குப் பட்டுச் சேலையையும் அதற்கு எடுத்த ரவிக்கைத் துணியையும் வெளியே கொண்டு போனேன். உள்ளே இரண்டும் ஒரே நிறம். அஞ்சடியில் ஒன்று அரக்கு, இன்னொன்று செங்கல். குண்டு பல்பு சிவப்புகளையாவது பிரித்துக் காட்டும். இந்த மலிவு எல்இடியால் அது முடியவில்லை. கல்யாணக் கூறை விற்கிற கடையில் சிவப்பு தப்பினால் வேறென்ன இருக்கிறது?

திரும்பி வந்தால் எதிரே அவன். "என்னங்க சிந்து, வெளிச்சத்துல ஏதும் குறையா? சொல்லுங்க, மாத்திடலாம்."

"ஒண்ணும் இல்லயே. நல்லா இருக்கு."

யாராவது கஸ்டமர் வந்து கத்தட்டும், இவன் விழட்டும். அவன் மூஞ்சி எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

கரண்டு பில் நன்றாக இறங்கிவிட்டதாம். பாஸ் எல்லாருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். "படிச்சவன் படிச்சவன்தான் லா." என் டீயை அப்படியே கல்லாவில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

கிள்ளானிலிருந்து மாரியாயி ஆன்டி வந்தார். ஆவணியில் மகள் கல்யாணம். என்னோடு பட்டுப் பக்கம் நிற்கிற அஞ்சம்மாள் அக்கா அரக்குக் கூறையும் ரவிக்கைத் துணியும் எடுத்துக் காட்டினார்.

"வாசல்ல வச்சுப் பாப்போமா?" என்று ஆன்டி எழுந்தார்.

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டார். முட்டி வலி அவருக்கு. "இதுவே டேலைட்டுதான்க்கா, உக்காருங்க."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அதே துணிதான், செங்கல் என்று எனக்குத் தெரியும். வேறொரு சேலையை மடித்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வந்துவிட்டார்கள். ரவிக்கை தைத்தாகிவிட்டது. கல்யாணம் இந்த ஞாயிறு. மாரியாயி ஆன்டி பாஸை அஞ்சடிக்கு வரச்சொல்லி இரண்டையும் விரித்தார். "பொண்ணு செங்கச் சூளையிலேருந்தா வரா பாஸ்? இதான் ஒங்க மேட்ச்சிங்கா?"

பாஸ் பல்பைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். "ஒங்களுக்குக் கண்ணு போச்சு. நாளையிலேருந்து மாடி ஸ்டோருக்குப் போயிருங்க."

அந்த முட்டியோடு மாடிப்படி. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இர்ஃபான் சப்ளையரைப் பார்க்க ஷா ஆலம் போயிருந்தான். அவன்மேல் ஒரு தூசி விழவில்லை.

யார் விழணும்னு நெனச்சேன், யாரு விழுந்தது? எப்பவும் இப்படித்தானே — உக்காந்திருக்கவன் தப்பு பண்ணுவான், நிக்கறவ வாங்கிக்கணும். இதுல நான் எந்தப் பக்கம் நின்னேன்? சீ.

ஆகஸ்ட் 21, வியாழன்

பாஸிடம் சொல்லிவிட்டேன். இர்ஃபானும் இருந்தான். ஸ்டோரிலிருந்து ஒரு குண்டு பல்பு கொண்டுவந்து மேசை விளக்கில் மாட்டி, கீழே இரண்டு சிவப்பையும் வைத்தேன். தனித்தனியாகத் தெரிந்தன. எல்இடிக்குக் கீழே நகர்த்தினேன். ஒன்றாகிவிட்டன.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றார் பாஸ்.

"ஒரு மாசமா."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"இவருக்கு நாற்காலி போட்டீங்க. எனக்குப் போடல."

யோசித்துச் சொன்னதில்லை. வந்துவிட்டது.

இர்ஃபான் துணியையே பார்த்தான். "தப்பு என்னோடது மாமா. செவப்பைச் சரியாக் காட்டுற எல்இடி இருக்கு, வெல கூட. நான்தான் மலிவுல போயிட்டேன்." அதையும் நல்லவனாகச் சொல்லித் தொலைத்தான்.

அக்கா மத்தியானமே கீழே வந்துவிட்டார். ஆன்டிக்கு வேறு துணி, அஞ்சடியில் பார்த்து எடுத்தது, சனிக்கிழமைக்குள் தைத்துவிடுவார்கள். அக்கா என்னிடம் பேசவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

சுபாங் ஜெயா கிளை இர்ஃபானுக்கு.

நவம்பர் 12, புதன்

இர்ஃபானிடமிருந்து வாட்ஸ்அப். விலை கூடிய புது விளக்குக்குக் கீழே இரண்டு சிவப்புத் துணி. 'கஸ்டமர் காத்திருக்காங்க. ரெண்டும் மேட்ச்சா?' அவன் கடை மாலுக்குள்ளே இருக்கிறது, ஜன்னல் கிடையாது.

'மேட்ச்' என்று அடித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அழித்தேன். 'படத்துல தெரியாது. வெளிய எடுத்துட்டுப் போய்ப் பாருங்க.'

கால் மணி கழித்து, கார் பார்க் வெயிலில் ஒரு படம். இரண்டும் வேறு வேறு. துணியைப் பிடித்திருக்கிறவன் சட்டையில் மேனேஜர் பேட்ஜ். பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு தடவை.

பட்டுப் பக்கம் ஸ்டூல் வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று. அஞ்சம்மாள் அக்கா பக்கம் அதைத் தள்ளிவிட்டு, அவருடைய கஸ்டமரின் சேலையைத் தூக்கிக்கொண்டு அஞ்சடிக்கு நடந்தேன்.

"முந்தி தரையில படுது. தூக்கிப் புடி" என்றார் அக்கா, பின்னாலிருந்து. ஆகஸ்டுக்குப் பிறகு இன்றைக்குத்தான் என்னிடம் பேசுகிறார்.