ஸ்டெல்லாவின் முட்டி

வியாழக்கிழமை, இரவு

ஸ்டெல்லா வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஹாக்கி அணிக்கு மாறுவதாக இருந்தது. மூன்று வருடமாக எங்கள் கல்லூரி அணியில் நான்தான் கேப்டன். அவள் அடித்த கோல்களில் பாதி நான் கொடுத்த பந்து. ஆனால் கூப்பிட்டது அவளை மட்டும்.

நேற்று அந்த ஊர் கோச் எனக்குப் போன் செய்தார். "அந்தப் பொண்ணுக்கு முட்டியில அடின்னாங்களே, இப்ப எப்படிம்மா?" என்றார். போன வருடமே ஆறிவிட்டது என்று எனக்குத் தெரியும். "ரொம்ப ஓடினா இன்னும் வலிக்குது சார்" என்றேன்.

இன்று சாயங்காலம் ஸ்டெல்லா கல்மண்டபத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஓடியே வந்தாள்.

"சீட்டு இல்லன்ட்டாங்கடி. யாரோ போட்டுக் குடுத்துக்கீறாங்க. என் முட்டி நல்லாத்தான கீது? நீ பாத்துக்கினுதான கீற?"

என் தோளில் சாய்ந்து அழுதாள். அவ்வளவு தூரம் ஓடி வந்தும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லையே என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது.

அவள் போனதும் மொட்டைமாடிக்குப் போய் கோச்சை அழைத்தேன். நான் சொன்னது பொய் என்றேன். ஏன் என்று கேட்டார்.

"பொறாம சார்."

"நாளைக்கு அவள வரச் சொல்லு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கோச் வரச் சொன்னதை மட்டும் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து சொன்னேன். "நீ பேசினதாலதாண்டி!" என்று சந்தோஷத்தில் கத்தினாள். ஆமாம் என்றேன்.

வயிறு இன்னும் எரிகிறது. காலையில் அவளை ரயில் ஏற்றிவிட என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.