தோளைத் தொட்டால்தான் சுவிட்ச்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கையும் மாப்பிள்ளையும் இருக்கிறோம். மாப்பிள்ளைக்கு வலது கையில் மூன்று விரல் இல்லை, மற்றபடி எல்லோரும் சுகம். நீ அங்கே பத்து விரலோடும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடிதம் எதற்கு, போனில் பேசலாமே என்பாய். போன வாரம் பேசினாயே, அதுவே போதும். உன் தங்கை புருஷன் ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தார், நீ எடுத்தவுடனே கேட்டது, "கம்பெனி ரிப்போர்ட்ல என்னம்மா எழுதியிருக்காங்க?" அடுத்து, அங்கே மழையா என்று கேட்டாய். கை எப்படி இருக்கிறது என்பது மூன்றாவது. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

என்ன நடந்தது என்று உன் கம்பெனிக் காகிதம் உனக்குச் சொல்லியிருக்கும், நான் சொல்வதையும் கேள். ஆறு மாடிக் கட்டடம். லிஃப்டை இழுக்கும் மெஷின் மொட்டைமாடி அறையில், மெயின் சுவிட்ச் கீழே மீட்டர் அறையில். முன்பு லிஃப்டைப் பராமரிக்க அங்கே இரண்டு மெக்கானிக் போவார்கள், இப்போது ஒருவர்தான். மாப்பிள்ளை சுவிட்சை அணைத்துவிட்டு, நான் இறங்கி வரும்வரை இங்கேயே நில்லுங்கள் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு மேலே போய், சக்கரத்தில் ஓடும் கம்பிக்கயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாலாம் மாடிப் பெரியவர் ஒருவர் மருந்துப் பையோடு வந்து, படியேற முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேனுக்கு இரக்கம். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டதே, மேலே வேலை முடிந்திருக்கும் என்று தானே நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். பெரியவர் பட்டனை அமுக்கினார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசலில் அந்த வாட்ச்மேன், "நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை, பாவம்.

நீ மெக்கானிக்காக இருந்தபோது உனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். மேலே போனவன் இறங்கி வந்து கீழே நிற்பவன் தோளைத் தொட்டால்தான் சுவிட்சைப் போட வேண்டும், கூப்பிட்டாலும் போடக்கூடாது, போன் வந்தாலும் போடக்கூடாது, கடவுளே வந்து சொன்னாலும் போடக்கூடாது என்று சாப்பிட உட்கார்ந்தால் நீ சொல்லாத நாள் உண்டா? ஒருமுறை உன்னோடு ஜோடியாக வேலைக்கு வந்த மீசைக்காரர், நீ கீழே நிற்பதை மறந்து பின்பக்கப் படி வழியாக இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார். காலையில் நின்றவன் மத்தியானம் வரை மீட்டர் அறையில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றாய். குடியிருப்பவர்கள் வந்து கத்தியும் நீ அசையவில்லையாம். வீட்டுக்கு வந்து காலைத் தேய்த்துக்கொண்டு எப்படிச் சிரித்தாய். மாப்பிள்ளை அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. அவர் தோளைத் தட்டி, இதுதான் நம்ம வேலைல பாதி உயிர் என்று சொன்னது என் காதிலேயே இருக்கிறது.

பிறகு மேனேஜர் ஆனாய். அதில் என் பாவமும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். எத்தனை நாளைக்குடா கிரீஸ் கையோடு சாப்பிடுவாய், சாயங்கால வகுப்பில் சேர்ந்து மேலே போகப் பார் என்று அரித்தவள் நான்தான். வெள்ளைச் சட்டையோடு நீ அனுப்பிய போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டினேன். லிஃப்டின் உள்ளும் புறமும் தெரிந்தவன் அதிகாரியானால் வேலை செய்கிறவர்களுக்கு நல்லது என்று நினைத்தேன். ஏறிப்போனவன் ஏணியை எட்டி உதைப்பான் என்று நினைக்கவில்லை, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு லிஃப்டுக்கு ஒரு ஆள் போதும் என்று உன்னைத் தவிர வேறு எவனாவது சொல்லியிருந்தால், பாவி, தெரியாமல் சொல்லிவிட்டான் என்று விட்டிருப்பேன். நீ தெரிந்தே எழுதினாய். அதற்குத்தான் உனக்குப் பெரிய ஆபீசில் கண்ணாடி அறை கொடுத்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆள் போதும் என்று நீ அனுப்பிய சுற்றறிக்கையில் கடைசி வரி, தேவைப்பட்டால் கட்டடத்து ஆட்களின் உதவியைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது. விபத்து நடந்த மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த காகிதத்தில் அதே தேதி, அதே கையெழுத்து, அந்த வரி மட்டும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். வெளி ஆளைச் சுவிட்ச் பக்கம் விட்டது மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். புதன்கிழமை பத்து மணிக்கு விசாரணை. அந்த வரி இருந்தது என்று தெரிந்தால் மாப்பிள்ளையைப் போன் எடுக்கும் வேலையிலாவது உட்கார வைப்பார்கள். இல்லையென்றால் மிச்சமிருக்கும் விரல்களோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். ஸ்க்ரூடிரைவர் பிடித்த கைக்கு இப்போது உன் தங்கைதான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள். கூட வேலை செய்கிறவர்களைக் கேட்டால், பழைய காகிதம் எங்கேயோ தொலைந்துபோச்சு என்கிறார்கள். எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் தொலையவில்லை. அந்தக் காகிதம் வந்த அன்றே மாப்பிள்ளை அதை மடிக்காமல் எடுத்து வந்து, "அத்தை, மச்சான் கையெழுத்தைப் பாத்தீங்களா, எவ்வளவு ஜோரா இருக்கு" என்று காட்டினார். உன் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்களோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறேன். அதை வெளியே எடுக்காதே என்று உன் தங்கை காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், அண்ணன் வேலை போய்விடுமாம். நான் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். இது யார் கையெழுத்து, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் மகன் கையெழுத்து, அவன் கையைப் பிடித்து முதல் எழுத்து எழுத வைத்தவள் நான் என்று சொல்வேன். அதற்கு முன்னால் நீயே வந்து சொன்னால், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. வயிற்றெரிச்சல் உனக்கு, காலி வயிற்றில் காப்பி குடிக்காதே. எது எப்படியானாலும் நீ நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், பெற்றவளால் வேறு எப்படி வாழ்த்த முடியும், நாக்கு திரும்ப மாட்டேன் என்கிறது. நான் எழுதுவதைப் பார்த்து மாப்பிள்ளை தானும் ஒரு வரி எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினார். இடது கை, கால் மணி நேரம் ஆயிற்று. எழுத்து கோணலாக இருந்தாலும் படிக்க முடியும், "மச்சான் வராதீங்க, என் தப்புன்னே இருக்கட்டும்" என்று இருக்கிறது. அதைப் படித்ததும் உனக்கு அப்பாடா என்று இருந்தால், நீ வரவே வேண்டாம். புதன்கிழமை, பத்து மணி.

இப்படிக்கு,
உன் அம்மா